கல்யாணப் பெண் எங்கே உட்காருவாள்?

"எல்லாம் சரிப்பா. நான் எங்கே உட்கார்றது?"

டாரியா கேட்டது நியாயமான கேள்விதான். ஓரெஸ்ட் மகளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார். கோடை முழுக்க கராஜே கதியென்று கிடந்து, மாமனார் விட்டுப்போன பழைய பச்சை ஹோண்டாவை கஃபே ரேசராக மாற்றிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கேள்வி மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

கஃபே ரேசர் என்றால் தாழ்ந்த ஹேண்டில்பார், பின்னால் புடைத்த ஒற்றை சீட். ஓட்டுகிறவர் டேங்க்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு தன்னந்தனியாகப் போகவேண்டியதுதான். அதற்காகவே பின்பக்கச் சட்டத்தைத் தன் கையாலேயே அறுத்துத் தள்ளியிருந்தார்.

"சனிக்கிழமை சர்ச்சுக்கு உன் பைக்லதான் வருவேன்னு சொன்னேன் இல்ல? அதுக்குத்தான் அழகு பண்றேன்னு சொன்னியேப்பா!"

"அழகாத்தானேம்மா இருக்கு?" என்றார் ஓரெஸ்ட் பரிதாபமாக.

சமையலறை வாசலிலிருந்து மனைவி லூபாவின் குரல் வந்தது. "அழகுக்கென்ன குறைச்சல்! நீங்க முன்னால போங்க. கல்யாணப் பொண்ணை கூரியர்ல அனுப்பி வைக்கிறேன்."

இந்தக் கல்யாணத்தில் ஓரெஸ்டுக்கென்று இருந்தது இந்த ஒரு வேலைதான். மண்டபம், விருந்து, பூ எல்லாம் லூபாவும் அவள் அக்காமார்களும். டாரியா சின்ன வயதிலிருந்தே அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஊர் சுற்றியவள். பிறந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதும் அப்படித்தான் கிளம்புவேன் என்று சொல்லியிருந்தாள்.

ஓரெஸ்ட் உடனே போனை எடுத்தார். கனடாவின் மனிடோபா மாநிலத்துப் பழைய பைக்காரர்களின் இணையக் குழுவில் 'கிழப்புலி' என்றொரு மகானுபாவர் இருந்தார். முகம் தெரியாது, சொந்தப் பெயரும் தெரியாது. ஆனால் முதல் நாளிலிருந்து எதைக் கழட்டுவது, எதை அறுப்பது என்று பக்கத்தில் நின்று சொல்வதுபோல் எழுதிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"இந்த வாரம் பொண்ணுக்குக் கல்யாணம். பின்னாடி அவ உட்காரணும். பழைய சீட்டும் கைவிட்டுப் போயிடுச்சு. என்ன பண்றது?"

பதில் சுடச்சுட வந்தது. "பதறாதே தம்பி. மேல ஒரு மெத்தையை வெச்சுக் கட்டிடு. ஆனா பின்பாரம் ஏறினா வண்டி இழுக்காது. அந்த சைலென்சர் ரெண்டும் என்னா கனம் தெரியுமா? கழட்டிடு."

"கழட்டி?"

"கராஜ்ல வெச்சா மனசு மாறும். வழக்கம்போல சந்துல வெச்சிடு."

அவர்கள் ஊரான வின்னிபெக்கில் வேண்டாத சாமானைப் பின்சந்தில் வைத்து, குழுவில் படமும் விலாசமும் போட்டுவிட்டால் தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். மற்றவர்களின் சோபாக்கள் அங்கே மழையில் நனைந்து கிடக்கும். ஓரெஸ்டின் சாமான்கள் மட்டும் காபி ஆறுவதற்குள் காணாமல் போயின. ஹேண்டில்பார் அப்படித்தான் போயிற்று. சீட், பின்பக்க ஃபுட்ரெஸ்ட் எல்லாம் அப்படித்தான். இப்போது சைலென்சர்களும் போயின. தம் கைபட்ட பொருளுக்கு என்ன கிராக்கி என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

சைலென்சர் இல்லாத எஞ்சினை உதைத்தார். தெருவே அதிர்ந்தது. அடுத்த வீட்டு நாய் படிக்கட்டுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டு சாப்பிடக்கூட வர மறுத்தது. எஞ்சின் நான்கு தரம் இருமிவிட்டு நின்றது.

"காத்து பத்தலை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிடு," என்றார் கிழப்புலி.

தூக்கினார். சந்தில் வைத்தார். போயிற்று. இப்போது எஞ்சின் கிளம்பிய வேகத்தில் வீலென்று அலறியது, உடனே அணைந்தது. முன்னால் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்த வண்டி, சரிசெய்யச் சரிசெய்ய ஏன் இப்படி ஆகிறது என்று ஓரெஸ்டுக்குப் புரியவேயில்லை. கார்புரேட்டரைத் திருகிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருகினோம் என்பதே மறந்துபோயிற்று.

"அப்படின்னா டேங்க்தான் கோளாறு. உள்ளே துரு. அதையும் கழட்டு."

"டேங்க்கே இல்லாம எப்படி ஓட்டறது?"

"சின்னதா எதையாவது மாட்டிக்கோ. உலகமே இப்ப அப்படித்தான் பண்ணுது."

பழைய டேங்க்கும் சந்துக்குப் போயிற்று. ஓரெஸ்டுக்குக் கிடைத்த சின்ன டேங்க், புல்வெட்டும் இயந்திரத்தில் இருந்தது.

லூபா தோட்டத்தில் நின்று கத்தினாள். "ஏங்க! நாளைக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. புல்லு முழங்கால் உசரம் நிக்குது. மெஷினைப் பிச்சுப் போட்டிருக்கீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"டேங்க்ல துருவாம், லூபா."

"நீங்க பாத்தீங்களா?"

"கிழப்புலி சொன்னாரு."

"புலி வந்து பாத்துச்சா?"

ஓரெஸ்ட் புல்வெட்டி டேங்க்கைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை டாரியா வெள்ளை கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கராஜுக்கு வந்தாள். தோட்டத்து நாற்காலி மெத்தையை ஓரெஸ்ட் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் வைக்க இடமில்லாமல் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின.

ஓரெஸ்ட் கிக்கரை உதைத்தார். இன்னொரு உதை. கோட்டைக் கழற்றி வீசிவிட்டு உதைத்தார். புல்வெட்டி டேங்க்கிலிருந்து பெட்ரோல் அவர் புது ஷூமேல் சொட்டியது. வண்டி ஒரு இருமலுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

"விடுப்பா. பெரியம்மா கார்ல போயிக்கிறேன்," என்று டாரியா சிரித்தாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சுவர்ப்பக்கம் திரும்பி, துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

அப்போது பின்சந்தில் ஒரு பைக் சீராக உறுமிக்கொண்டு வந்து நின்றது. பக்கத்து ஊரான செல்கர்க்கிலிருந்து மாப்பிள்ளையின் மாமா மர்ரேயும் அவர் மனைவி ஃபிலிஸும். இன்றுதான் முதல் சந்திப்பு. அவர்கள் வந்ததும் ஒரு பழைய ஹோண்டாவில்தான். அதே காலத்து வண்டி, அதே பச்சை நிறம், கடையிலிருந்து இப்போதுதான் இறங்கியதுபோல் மின்னியது.

"சந்துல வரச் சொல்லி யாரு சொன்னா? வாசல் அந்தப் பக்கம் இல்லையா?" என்று கணவரைக் கடிந்துகொண்டே ஃபிலிஸ் பரிசுப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் போனாள்.

மர்ரே கராஜை எட்டிப் பார்த்தார். புல்வெட்டி டேங்க்கைப் பார்த்தார். மணப்பெண்ணின் தொங்கும் கால்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"இது... உங்க வண்டியா, சம்பந்தி?"

"வண்டியா இருந்துச்சு," என்றார் ஓரெஸ்ட். "பொண்ணை இதுல கூட்டிட்டுப் போறதா இருந்தேன்."

மர்ரே எச்சிலை விழுங்கினார். யாரும் கேட்காமலே சாவியை நீட்டினார். "என்னோடதுல கூட்டிட்டுப் போங்க. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க!"

ஓரெஸ்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்பின் தெரியாத மனுஷனுக்கு இவ்வளவு பெரிய மனசா? கைகுலுக்கப் போனால் அவரோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய சீட். டாரியா வசதியாக உட்கார்ந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. நம்ம வண்டியும் இப்படித்தானே இருந்தது, நாமே கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்தபோது ஓரெஸ்டுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் முதுகில் மகள் சாய்ந்திருந்தாள். அது போதும் என்று இருந்தது.

மண்டபத்தில் பெரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோஸ் சுருளும் பரிமாறினார்கள். ஓரெஸ்ட் வேண்டுமென்றே மர்ரே தம்பதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. இந்தக் காலத்துல அந்த வண்டிக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் எங்கே கிடைச்சுது?"

மர்ரேக்குப் பெரோகி புரையேறியது. அவர் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டே ஃபிலிஸ் சொன்னாள்:

"அதையேன் கேக்கறீங்க! வருஷக்கணக்கா அலைஞ்சாரு, ஒண்ணும் கிடைக்கலை. அப்புறம் இண்டர்நெட்ல ஒரு அப்பாவி மாட்டினான். இவரு எதைக் கழட்டச் சொன்னாலும் கழட்டிச் சந்துல வெச்சிடுவானாம். பாவம், அவன் பொண்ணுக்கும் இந்த வாரம்தான் கல்யாணமாம்!"