கண்டக்டர் காட்டிய ஏரி

காய்ந்த தரையில் நடந்து போகிறவர்களை, நனைந்துவிடும் என்று பயந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொள்ளச் செய்தவர் இந்தச் சென்னைப் பட்டணத்திலேயே ஒருவர்தான். அவருக்கு முன்னால் அப்படி யாரும் இருந்ததில்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை. அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. தியாகராய நகரில் எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

மயிலாப்பூர் டிராமில் கண்டக்டராக இருந்து வேலையை விட்டவர். வேலை போனாலும் காக்கிக் கோட்டு போகவில்லை. வெயிலிலும் மழையிலும் விரிக்காத ஒரு குடை வைத்திருந்தார். மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மாலை நான்கு மணி ஆனால் பூங்கா வாசலில் வந்து நின்று, உள்ளே வருகிறவர்களைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். யாரும் அவரைக் காட்டச் சொன்னதில்லை. யாரிடமும் அவர் எதுவும் வாங்கியதும் இல்லை.

மற்றவர்கள் பூங்காவில் மரத்தைக் காட்டுவார்கள், பூவைக் காட்டுவார்கள். கண்டக்டர் ஏரியைக் காட்டுவார். எங்கள் பேட்டையே ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது நிஜம்தான். அதைத் தூர்த்துத்தான் தெருக்களும் வீடுகளும் நடுவில் பூங்காவும் வந்தன. ஆனால் கண்டக்டர் கணக்கில் அது இன்னும் தூரவில்லை.

"இப்ப நாம எல்லாரும் தண்ணிக்கு அடியில நின்னுக்கினு கீறோம். பயப்படாதீங்க. கொழந்தைங்கள மட்டும் கெட்டியா புடிச்சுக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

டிராமுக்கு உண்டான சட்டமெல்லாம் அதற்கும் உண்டு. "ரைட்!" என்று சொன்னால்தான் நடக்க வேண்டும். அவர் நிறுத்தம் சொல்லாமல் யாரும் நிற்கக்கூடாது. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள எடம் காலியாத்தான் கீது" என்று திறந்தவெளியில் ஜனங்களை நெருக்குவார். குழாயடி வந்தால் அதுதான் மதகு. எல்லோரும் துணியைத் தூக்கிக்கொள்ள வேண்டும். மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு மாமி, "ஐயையோ, பட்டுப்புடவைன்னா கட்டிண்டு வந்திருக்கேன், சாயம் போயிடுமோ?" என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காய்ந்த புல்லைத் தாண்டினதை நானே பார்த்திருக்கிறேன். தாண்டின பிறகுதான் அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

நாவல் மரத்தடி ஆழமான இடம். அங்கே ஒரு படகு கவிழ்ந்தது என்பார். அதில் போனவர்கள் யார் என்பது நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் கல்யாண கோஷ்டி. இன்னொரு நாள் ஒரு துரையும் அவருடைய நாயும். நாய் மட்டும் நீந்திக் கரையேறியதாகச் சொல்லி, தானே கண் கலங்குவார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியாது.

நான் பூங்காவுக்கு எதிரே இருந்த காப்பி ஓட்டலில் சப்ளையராக இருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. "ரெண்டு ஸ்பெஷல்" என்று உள்ளே பார்த்துக் கத்துவதற்குக்கூட எனக்குத் தொண்டை வராது. அடுப்படிக்கே போய்க் காதோடு சொல்லிவிட்டு வருவேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் பூங்காவில் போய் உட்காருவேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆளைக் கண்டக்டர் விடுவாரா? முதல் நாளே என்னை டிரைவராக நியமித்துவிட்டார்.

டிரைவர் வேலை கஷ்டமில்லை. வரிசையில் முதல் ஆளாக நான் நடக்க வேண்டும். கண்டக்டர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு பின்னால் வருவார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால். "டிரைவரோட யாரும் பேசக்கூடாது" என்பது முக்கியமான சட்டம். உலகத்தில் எனக்காகவே போட்ட சட்டம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் பூங்காவின் காவல்காரன் தன்னுடைய வேட்டியைத் துவைத்துச் செம்பருத்திச் செடியின் மேல் உலர்த்தியிருந்தான். அன்று இன்னும் யாரும் வந்து சேரவில்லை. என் காலில் முள் குத்தியதால் நான் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன். கண்டக்டர் அந்த வேட்டிக்கு முன்னால் நின்று, "ஐயா, அங்க நிக்காதீங்க, ஆழம். இப்படி வாங்க" என்றார். வேட்டி காற்றில் ஆடியது. அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது. மதகு கதை, படகு கதை, நாய் கதை எல்லாவற்றையும் வேட்டிக்குச் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி, பெரிய மனுசன் மாதிரி கீறாரு, ஒரு வார்த்த பேசலியே?"

"அது வேட்டிங்க."

"வேட்டி கட்டிக்கினுதான் நிக்கிறாரு. யாருன்னு கேக்கறேன்."

"ஆள் இல்லைங்க. வெறும் வேட்டி."

கண்டக்டர் குடையால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எத்தினி பேர் பாத்தாங்க?" என்றார்.

"நான் மட்டுந்தாங்க."

"வெளிய சொல்லிக்கினு திரியாதே."

கண் மங்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டதாம். டிக்கெட்டின் நிறம் தெரியாமல் போனதால்தான் டிராம் வேலையை விட்டிருக்கிறார். இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரிந்தது. மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் மங்கல் என்று மட்டும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க தெரியுமா? மூலையில ஒரு பாய போட்டு உக்கார வெச்சு, சோத்த பெசஞ்சு ஊட்டுவாங்க. எம்பொண்ணு நல்ல பொண்ணு. அதான் பயமே" என்றார்.

நான் யாரிடம் சொல்லப்போகிறேன்? காப்பியையே சத்தமாகச் சொல்லத் தெரியாதவன்.

அப்போது யுத்த காலம். நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்ற பேச்சு கிளம்பியது. ஒரே வாரத்தில் ஊர் காலியாக ஆரம்பித்தது. தெருவிளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். அந்த இருட்டில் தெருவே தட்டுத்தடுமாறியபோது கண்டக்டர் ஒருவர்தான் ராஜாவைப் போல நடந்தார். "இன்னாய்யா, கண்ணு தெரியலியா?" என்று மோதுகிறவர்களையெல்லாம் அதட்டுவார். வழி தெரியாமல் நின்ற இரண்டு குமாஸ்தாக்களைக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

ஆனால் பகலில் பூங்காவுக்கு வர ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கியது. ஓட்டல் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். கடைசியில் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் சுற்றினோம். எனக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் யாருமில்லை. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று காற்றைப் பார்த்து அவர் சொல்வார்.

அவருடைய மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். குடும்பத்தோடு திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தன்னுடைய ஊருக்குப் போக முடிவு செய்தார். கண்டக்டர் வரமாட்டேன் என்றார். ஓட்டலில் வைத்து மூன்று பேரும் வாக்குவாதம் செய்தார்கள். நான் துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"குண்டு விழுற ஊர்ல ஒன்ன மட்டும் வுட்டுட்டு நான் எப்படி நைனா போவேன்?" என்றாள் மகள்.

"ஜப்பான்காரனுக்கு என்மேல இன்னாம்மா கோவம்?"

மாப்பிள்ளை குறுக்கிட்டார். "மாமா, குண்டு கெடக்கட்டும். ஒங்களுக்குக் கண்ணு வேற சரியில்லன்னு இவ சொல்றா. தனியா எப்படி இருப்பீங்க?"

கண்டக்டர் காப்பி டம்ளரை வைத்தார். மேஜையின் விளிம்பில் வைத்தார். நான் அதை உள்ளே நகர்த்தினேன்.

"கண்ணு சரியில்லியா? மாப்ள, நாளைக்கு சாயந்தரம் பார்க்குக்கு வா. ஒரு ரவுண்டு காட்டறேன். எங்கனா ஒரு எடத்துல தடுக்கி விழுந்தேன்னா மூட்டைய கட்டிக்கினு ஒங்கூட வந்துடறேன். விழலேன்னா இங்கியே கீறேன். தம்பி சோறு போடுவான்."

மாப்பிள்ளை கணக்கு எழுதுகிறவர் அல்லவா? கொஞ்சம் யோசித்தார். "சரி மாமா. ஆனா இந்தத் தம்பி முன்னாடி போகக்கூடாது. நீங்களே முன்னாடி போங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு கண்டக்டர் என்னிடம், "இங்க ஒவ்வொரு வேரும் எனக்குத் தெரியும் தம்பி. அந்த ஊர்ல கெணறு எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. தடவிக்கினு திரியணும்" என்றார்.

மறுநாள் நான்கு மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் கண்டக்டர், பின்னால் மகளும் மாப்பிள்ளையும், கடைசியில் நான். "ரைட்!" என்றார். என்ன நடை! வாசலிலிருந்து அரளிப் பாத்தி, அங்கிருந்து குழாயடி. ஓர் அடி பிசகவில்லை. மதகில் மகள் புடவையைத் தூக்கிக்கொண்டாள், மாப்பிள்ளை மறுத்துவிட்டார். "நனஞ்சா என்னைக் கேக்காதே" என்றார் கண்டக்டர். நாவல் மரத்துக்கு முன்னால், "மாப்ள, கீழ வேரு கீது, பாத்து" என்று சொல்ல, மாப்பிள்ளை அந்த வேரிலேயே தடுக்கினார். மகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஜெயித்தாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வளைவு திரும்பியதும் எனக்கு உயிர் போய்விட்டது. பாதைக்குக் குறுக்கே ஒரு பெரிய பள்ளம். முந்தின நாள் அது இல்லை. காலையில்தான் வெட்டியிருக்கிறார்கள். ஓர் ஆள் ஆழம். கண்டக்டர் துரையும் நாயும் படகோடு கவிழ்ந்த கதையைச் சொல்லிக்கொண்டே அதை நோக்கி நடந்தார். மகள் அவர் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை காலைத் தடவிக்கொண்டிருந்தார். பார்த்தவன் நான் ஒருவன்தான். கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

விளிம்புக்கு ஓர் அடி முன்னால் கண்டக்டர் நின்றார். தூக்கிய காலைக் கீழே வைத்தார். மூக்கை உறிஞ்சினார். புது மண்ணின் ஈர வாசனை அடித்தது.

"ஏரி வாசன வருது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு குடையைக் குறுக்கே நீட்டி, "எல்லாரும் எறங்கிக்கலாம். வண்டி இதுக்கு மேல போவாது!" என்று சத்தம் போட்டார்.

மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். "பாத்தீங்களா? நான்கூடக் கவனிக்கல. நைனா நின்னுட்டாரு! அவருக்கா கண்ணு தெரியல?"

மாப்பிள்ளை பள்ளத்தைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். "சரி, நீங்க இங்கியே இருங்க மாமா" என்றார்.

அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் வெற்றி கண்டக்டரின் தலைக்கு ஏறிவிட்டது. பள்ளத்தின் கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த காவல்காரனின் இருமலைக் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி அதிகாரமாகக் கூப்பிட்டார். "இன்னாப்பா, என்ன கேக்காம யாரு இத வெட்டனது? எதுக்குன்னு இவங்களுக்குச் சொல்லு, கேட்டுக்கட்டும்."

காவல்காரனுக்கும் பெருமைதான். "குண்டு போட்டா ஜனங்க இதுக்குள்ள குதிச்சுப் படுத்துக்கணுமாம். இங்கேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் வெட்டப்போறாங்க. எந்த நேரமும் வரலாம்னு வந்த ஆபீசருங்க சொல்லிட்டுப் போனாங்க" என்றான்.

மகளின் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை அவள் பேச்சாகத்தான் குண்டைக் கேட்டிருந்தாள். இப்போது பள்ளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"கண்ணு தெரிஞ்சு இன்னா நைனா பிரயோஜனம்? இந்தக் குழியில படுத்துக்கினு சாவறதுக்கா ஒன்ன வுட்டுட்டுப் போவேன்? நட, நாளைக்கே எல்லாரும் கெளம்பணும்."

மாப்பிள்ளை சமாதானம் சொல்லிப் பார்த்தார். கண்டக்டர் குடையைத் தட்டினார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மகள் அழுதால் அவரிடம் சட்டம் ஒன்றும் கிடையாது.

மறுநாள் காலை ஜட்கா வந்தது. பெட்டிகளை நான்தான் ஏற்றினேன். கண்டக்டர் காக்கிக் கோட்டின் பித்தானையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, நான் ஜெயிச்சுட்டேன் இல்ல?"

"ஜெயிச்சுட்டீங்க."

"பின்ன ஏன் கூட்டிக்கினு போறாங்க?"

குதிரை கிளம்பிவிட்டது.

அந்தக் கோடையில் எங்கள் பேட்டையில் குண்டு விழவில்லை. ஐப்பசியில் மழைதான் விழுந்தது. பள்ளமெல்லாம் நிரம்பி, ராத்திரி பகலாகத் தவளை கத்தியது. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பூட்டுகள் திறந்தன. பொங்கல் கழிந்து ஒரு நாள் கண்டக்டரின் மகள் ஓட்டலுக்கு வந்தாள். தனியாக வந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது, முகம்தான் பாதியாகியிருந்தது. காப்பியை வைத்துவிட்டு நகரப் பார்த்தேன். நிற்கச் சொன்னாள்.

கண்டக்டர் கார்த்திகை மாதம் போய்விட்டாராம். ஊருக்குப் போன நாளிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வரவில்லையாம். கிணற்றடிக்குக்கூடக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்ததாம். தட்டை எங்கே வைத்தாலும் தடவித்தான் எடுத்தாராம். அவள்தான் பிசைந்து ஊட்டியிருக்கிறாள்.

"அங்க போயிதான் நைனாவுக்குக் கண்ணு அப்படிப் போயிடுச்சா, இல்ல முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சா? எனக்குத் தெரியணும். நீ தெனம் கூட இருந்தவன். மறைக்காம சொல்லு" என்றாள்.

காப்பியின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்தவரைக்கும் அவருக்கு எல்லாம் நல்லாத் தெரிஞ்சுதும்மா" என்றேன். கல்லாவிலிருந்த முதலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் சொன்னது பொய் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.