சைகை அண்ணைக்கு நான் கொடுத்த காற்று

தண்ணீருக்கு வெளியே இருப்பதை ஒரு தற்காலிக ஏற்பாடாக மட்டுமே எண்ணி வாழும் இன்னொரு மனிதரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் யாராவது காட்டினால், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். சைகை அண்ணை ஒருவர்தான் அப்படி. குருநகர்க்காரர். பதினைந்து வருடம் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவர். இப்போது கீரிமலைப் பக்கத்துக் கடற்கரையில், சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழக்கும் சிறிய நிலையமொன்றில் மாஸ்ரர். என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் ஊருக்கே அண்ணை என்பதால் எனக்கும் அண்ணை.

"கதைச்சால் காத்து வீணாய்ப் போகும்" என்பது அவருடைய கொள்கை. அதனால் கரையிலும் சுழியோடிகளின் கைச் சைகைதான். தேநீர் குடித்து முடிந்ததும் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுப்பார். கடலுக்கடியில் அதற்குக் காற்று முடிந்துவிட்டது என்று பொருள். தேநீர்க்கடை முதலாளியின் மருமகனுக்கு அது தெரியாது. முதல் நாளே கொலை மிரட்டல் என்று நினைத்துப் பின்கதவால் ஓடிவிட்டான். இன்னொரு நாள் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பன், சாப்பாடு எப்படி என்று கேட்டுப் பெருவிரலை உயர்த்தியிருக்கிறார். சுழியோடிக்குப் பெருவிரல் என்றால் "மேலே போ" என்று கட்டளை. அண்ணை பாயாசத்தை அப்படியே விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து வரப்போவதாகவும், அங்கே அவன் சுழியோடப் பழகிவிட்டதாகவும் செய்தி வந்த அன்றுதான் எனக்கும் அந்த ஆசை பிறந்தது. நாற்பத்தாறு வயது, கொஞ்சம் தொப்பை. சைகை அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பயம் உங்களுக்கு?"

"எனக்கு ஒரு பயமுமில்லை, அண்ணை."

"அப்ப வீட்டை போங்கோ. பயமில்லாத ஆக்களை நான் கடலுக்கை இறக்கிறேல்லை."

மூன்று நாள் திருப்பி அனுப்பினார். நான்காம் நாள் வெட்கத்தைவிட்டு, "மூக்குக்குள்ளை தண்ணி போறது பயம்" என்றேன். கொப்பியில் அதை எழுதிக்கொண்டு சிலிண்டரைத் தூக்கித் தந்தார்.

இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சுவிடப் பழகினேன். மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை எடுக்கப் பழகினேன். முதல் வாரம் பலூன் மாதிரி மேலே கிளம்பினேன், இரண்டாம் வாரம் அம்மிக்கல் மாதிரி மணலில் கிடந்தேன். மூன்றாம் வாரம் ஒரு கணம், ஏறாமலும் இறங்காமலும், தண்ணீரின் நடுவில் அப்படியே நின்றேன். அண்ணை விரல்களை வட்டமாக்கிக் காட்டினார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படியொரு பாராட்டுக் கிடைத்ததில்லை.

மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சி மட்டும் சரிவரவில்லை. ஒருதரம் தட்டுத்தடுமாறிச் செய்தேன். இரண்டாம் தரம் செய்யச் சொன்னபோது தடிமன், மூக்கடைப்பு என்று பொய் சொன்னேன்.

மைத்துனன் வந்தான், மூவருமாகப் படகில் போனோம். அவனுக்குக் காது நோவு, அதனால் படம் எடுக்கப் படகிலேயே இருந்துவிட்டான். நானும் அண்ணையும் பன்னிரண்டு மீற்றர் இறங்கினோம். கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய மீன் வந்து என்னைப் பக்கத்து வீட்டுக்காரனைப் போலப் பார்த்தது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். சிரித்தால் கன்னம் சுருங்கும், மாஸ்க்கின் விளிம்பு விலகும் என்பது அப்போது நினைவில் இல்லை. தண்ணீர் மூக்கு வரை ஏறியது.

அதன் பிறகு நான் செய்தது இதுதான். என் வாயில் நல்ல காற்று வந்துகொண்டிருக்க, அந்தக் குழாயைத் துப்பிவிட்டு, அண்ணையின் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி என் வாயில் வைத்துக்கொண்டேன். பிடுங்கிய வேகத்தில் அவர் உதடு கிழிந்தது. அவர் தன்னுடைய உபரிக் குழாயை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றக் கையால் என் தோள்பட்டியைப் பிடித்தார். ஏறும் வழியில், சுழியோடிகளின் பாதுகாப்பு விதிப்படி ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம், ஒரு சின்னப் பிள்ளையைப் போல என்னை அணைத்து நிறுத்திவைத்து, பிறகு மேலே கொண்டுவந்தார்.

படகில் ஏறியதும் மைத்துனன் அவருடைய இரத்தத்தைக் கண்டான். "அத்தான், என்ன நடந்தது?"

"அண்ணைக்குக் காத்து நிண்டிட்டுது. நான்தான் என்ரையைக் குடுத்தனான்."

எந்த நரகத்திலிருந்து அந்த வசனம் வந்ததோ தெரியாது. அண்ணை உதட்டைத் துடைத்தபடி கடலைப் பார்த்தார்.

அத்தோடு விட்டேனா? மைத்துனன் ஊரெல்லாம் சொன்னான். என் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். போதாதென்று நான் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், "மாஸ்ரரைக் காத்த மாணவன்" என்று எழுதினேன். வாசித்துக் கைதட்டிய வாசகர்களே, அது பச்சைப் பொய். அந்த வாரமே நான்கு பேர் பயிற்சியை விட்டு நின்றார்கள். நிலையத்து முதலாளி அண்ணையைக் கடலில் இறங்க விடாமல் சிலிண்டர் கழுவ வைத்தார்.

அதைக் கேள்விப்பட்டும் இரண்டு கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியில் நான் போன நாளில் அவர் வெயிலில் குந்தியிருந்து, உடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். உதட்டில் தழும்பு. முதலில் முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிறகு அண்ணைக்கு முன்னால் வந்து நின்றேன்.

"அண்ணை, அண்டைக்குப் படகிலை ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"உங்கடை மச்சான் பாத்துக்கொண்டு நிண்டவரெல்லே. அவருக்கு முன்னாலை என்னெண்டு சொல்லுறது?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குக் காலமை வாங்கோ. மாஸ்க் விசயம் உங்களுக்கு இன்னும் சரிவரேல்லை."

போனேன். இருபது தரம் செய்ய வைத்தார். மூக்கால் கடலில் பாதி உள்ளே போனது. போன மாதம் சான்றிதழும் கிடைத்தது.

நேற்று இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தன்னைப் பற்றிய பகிடிகளுக்கெல்லாம் அவர் முகம் அசையவில்லை. முடிந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இதை உங்கடை மச்சானும் வாசிப்பாரெல்லே?"

"ஓம், அண்ணை."

"அப்ப அந்தக் குழாய் பறிச்ச துண்டை மட்டும் வெட்டிவிடுங்கோவன்," என்றார், கெஞ்சுவது போல.