எனக்கு ஒரு பஜ்ஜி, டப்பாவுக்கு ஒரு பஜ்ஜி

நண்பன் கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியாதவன் பெண் பார்க்கப் போகக் கூடாது. நான் போனேன். அதுவும் கையில் பிளாஸ்டிக் டப்பாவோடு.

தொண்ணூறுகளின் கடைசி. புனேயில், ஹடப்சரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. அறைத்தோழன் செந்தில் ஊட்டச்சத்துத் துறையில் ஆராய்ச்சி மாணவன். உணவில் சிலிக்கான் கூடினால் உடம்பு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறதா என்பது அவன் கேள்வி. அதற்கு ஏழு நாளைக்கு ஒரு மனித எலி தேவைப்பட்டது. தலையாட்டிவிட்டேன்.

நான் எதைச் சாப்பிட்டாலும் அதே அளவு இன்னொரு பங்கு டப்பாவுக்குள் போக வேண்டும். டப்பாவைச் சோதித்தால் எனக்குள் போனது தெரியும். வெளியே வருவதற்குத் தனி கேன். (அதைப் பற்றி இவ்வளவு போதும்.) இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உடம்பில் தங்கியது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று புனேயிலேயே கட்கியில் பெண் பார்க்க ஏற்பாடு. அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். எனக்கோ விஜயாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்தே இந்த இடம் அமைய வேண்டுமே என்று ஒரே தவிப்பு.

"இன்னைக்கு மட்டும் விட்டுருடா" என்று கெஞ்சினேன்.

"ஒரு நாள் போனா ஏழு நாளும் போச்சு" என்று டப்பாவைக் கையில் திணித்தான் செந்தில்.

பெண் வீட்டில் பஜ்ஜியும் கேசரியும் வந்தன. ஒரு பஜ்ஜி தின்றேன். அதே பருமனில் இன்னொன்றைத் தேடி எடுத்து டப்பாவில் போட்டேன். கேசரியில் எனக்கு ஒரு ஸ்பூன், அதற்கு ஒரு ஸ்பூன். காபியில் பாதியையும் அதற்குள் ஊற்றினேன். அப்பா மின்விசிறியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

விஜயாவின் அப்பா பிறந்து வளர்ந்ததே புனேயில்தான். "ஏன் தம்பி, ரூம்ல கானா, அதான் சாப்பாட்டுக்கு ரொம்ப தக்லீஃபா?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

"இல்லைங்க. இதுல சிலிக்கான் எவ்வளவு இருக்குன்னு லேப்ல பாக்கணும்."

"சிலிக்கான்னா?" என்றார் விஜயாவின் அம்மா.

"மணல்ல இருக்குமே, அதுதாங்க."

அவர் முகம் சிவந்தது. "ரவையை ரெண்டு வாட்டி சலிச்சேன். என் கேசரியில மண்ணு இருக்கான்னு லேப்ல வேற பாப்பீங்களா?"

எல்லாத் தானியத்திலும் உண்டு, எலும்புக்கு நல்லது என்று ஏதேதோ உளறினேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "போயிட்டு வர்றோம்" என்று அப்பா எழுந்துவிட்டார். எல்லாம் போச்சு என்று எனக்கு நிஜமாகவே அழுகை முட்டியது. அந்த அவசரத்தில் டப்பாவையும் மறந்துவிட்டேன்.

ஆட்டோவில் ஏறும்போது விஜயா ஓடிவந்து அதை நீட்டினாள். "பத்திரமா கொண்டு போங்க" என்றாள். சிரிப்பை அடக்கிய அந்த முகத்தைப் பார்த்ததில் டப்பாவின் கனம் எனக்கு உறைக்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் என்று போன் வந்தது. அடுத்த மாதம் செந்திலின் சோதனை முடிவும் வந்தது.

"டேய், அந்த ஞாயித்துக்கிழமை உள்ள போனதுக்கும் வெளிய வந்ததுக்கும் சம்பந்தமே இல்ல. உன் உடம்புல தங்கியிருக்கிற சிலிக்கானுக்கு நீ இந்நேரம் பாதி கல்லா ஆகியிருக்கணும்னு எங்க கைடு சிரிக்கிறார்."

ஏழு நாள் உழைப்பும் குப்பைக்குப் போனது. நிச்சயதார்த்தத்தன்று, அந்த டப்பாவில் ஏதாவது போட்டாளா என்று விஜயாவிடம் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்க ரூம்ல பட்டினி கிடக்குறீங்கன்னு நெனச்சேன். மிச்சமிருந்த எட்டு பஜ்ஜியையும் அதுல வெச்சுட்டேன்."

இன்றும் மாமனார் வீட்டு விசேஷங்களில் எனக்கு இரண்டு இலை விழும். "ஒண்ணு மாப்பிள்ளைக்கு, ஒண்ணு லேபுக்கு" என்று மாமனார் பந்திக்கே கேட்கும்படி சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், மாமியாரைத் தவிர. அவர் இன்னும் அந்தக் கேசரியின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறார்.