ஜாமூனை அவிழ்த்து விட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு விடுதலைப் போராட்டத்தைத் தொடங்கினேன். ஆறு முப்பத்தொன்றுக்கு அது என் கையை விட்டுப் போய்விட்டது.

எங்கள் வீட்டு நாய்க்கு ஜாமூன் என்று பெயர். நிறம் அப்படி. வயது மூன்று. காலையில் அதை நடத்திக்கொண்டு போவது என் பொறுப்பு. மாலையில் என் மனைவி மோனிகாவின் பொறுப்பு. பெங்களூர் அடுகோடியில், எங்கள் தெருக்கோடியில் ஒரு மைதானம் இருக்கிறது. மற்ற நாய்களெல்லாம் அங்கே கயிறில்லாமல் ஓடி ஆடும். ஜாமூன் மட்டும் என் கைக்கயிற்றின் முனையில் நின்று வேடிக்கை பார்க்கும். எனக்குக் கால்கட்டுப் போட்டுப் பதினெட்டு வருஷமாகிறது. கழுத்துக்கட்டின் வருத்தம் எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை பேச்சை எடுத்தேன்.

“மோனி, நாளைக்கு ஜாமூனைக் கயிறு இல்லாம விடலாம்னு இருக்கேன்.”

“வேணாங்க.”

“பாவம், அதுக்கும் ஆசை இருக்காதா?”

“இருக்கும். ஓசூர் ரோடும் பக்கத்துலதான் இருக்கு.”

“நான் கூப்பிட்டா வந்துடும்.”

“நேத்து கூப்பிட்டீங்களே, தலையைத் தூக்கியாவது பார்த்துச்சா?”

“யோசனையில இருந்துச்சு.”

“இருக்கட்டும். கயித்தோடயே கூட்டிட்டுப் போங்க.”

தலையை ஆட்டினேன். ஆட்டுவது வேறு, கேட்பது வேறு.

மறுநாள் மைதானத்து நடுவில் நின்று கொக்கியைக் கழற்றினேன். ஜாமூன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. நன்றி சொல்கிறது என்று நினைத்தேன். விடைபெற்றிருக்கிறது. அடுத்த நொடி மைதானத்து கேட்டுக்கு வெளியே அதன் வால் மட்டும் தெரிந்தது. அப்புறம் வாலும் இல்லை.

“ஜாமூன், ஜாமூன்” என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஆட்டோ ஸ்டாண்டில் நின்றவரிடம் மூச்சு வாங்க, “ஜாமூன் நோடிதீரா?”, பார்த்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். திருப்பத்தில் பேக்கரி இருக்கிறது, ஆனால் ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார்.

ஓசூர் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நின்ற பஸ்ஸுக்கெல்லாம் அடியில் குனிந்து பார்த்தேன். அப்போது எனக்கு வேடிக்கையாகப் பேச வரவில்லை. வேலை முடிந்து நான் வீடு திரும்பினால் வாசல்வரை ஓடிவந்து வரவேற்கிற ஒரே ஜீவன் அது.

எட்டு மணிவரை தேடிவிட்டு, கயிற்றைச் சுருட்டிப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாயை அவிழ்த்து விட்டாயிற்று. இனி பொய்யை அவிழ்த்து விட வேண்டியதுதான். சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய் மறுபடி தேடலாம் என்று திட்டம்.

மோனிகா கதவைத் திறந்தாள்.

“ஜாமூன் எங்கேங்க?”

“அருண்குமார் வீட்டுல.” அருண்குமார் என்னோடு பொம்மசந்திராவில் வேலை பார்ப்பவன். “வழியில பார்த்தான். மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும்னு கேட்டான்.”

“அப்படியா. சமத்தா இருக்கா?”

“டிவி முன்னாடி உக்காந்திருக்கு.”

“ஏதாவது சாப்பிட்டுச்சா?”

“இட்லி குடுத்தாங்க.”

“எத்தனை?”

“நாலு.”

“சட்னி?”

“தொட்டுக்கல.”

“அப்போ ரெண்டு முட்டையை முழுங்கிட்டு நம்ம கட்டிலுக்கு அடியில படுத்திருக்கே, அது யார் வீட்டு நாய்?”

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். ஜாமூன் கால் நீட்டிப் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் வாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மானம் போனது பெரிதாகத் தெரியவில்லை. நாய் இருக்கிறது. அதன் காதருகே முகத்தை வைத்துக்கொண்டேன். கண் கலங்கியது. மோனிகா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“ஏழு மணிக்கு முன்னாடியே வந்துடுச்சு. உங்க போன் இங்கயே சார்ஜர்ல கிடக்கு. எப்படிச் சொல்றது?”

“அதுக்கு எப்படி வழி தெரிஞ்சுது?”

“ஆறு மாசமா சாயங்காலம் நான் அவுத்துத்தான் விடறேன். தானா வந்துடும்.”

“அப்புறம் என்கிட்ட மட்டும் ஏன் வேணாம்னே?”

“ஜாமூனுக்கு வழி தெரியுங்க. கயிறு இல்லன்னா உங்களை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது?”