பிரேக்கில் புகுந்த காத்து

எங்கள் தெருவில் சாக்கடை மூன்று மாதமாக வழிகிறது. மனுவில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் நாலு பேர் வரமாட்டார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காரைச் சுற்றி நூறு பேர் நின்றார்கள். காருக்குப் பேய் ஓட்ட வண்டிச் சித்தர் வருகிறாராம்! சும்மா விடுவார்களா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் முன்வரிசையில்தான் நின்றேன்.

கார்க்காரரை நாங்கள் 'வீடியோ மாப்பிள்ளை' என்போம். எதையும் செல்போனில் பார்த்தே கற்றுக்கொள்ளும் மேதை. முந்தின நாள் முன்சக்கர பிரேக் பேடுகளைத் தானே மாற்றினார். வேலையோடு வேலையாக, பிரேக் ஆயில் போகும் வழியில் இருந்த ஒரு சின்னத் திருகாணியையும் கழற்றி மாட்டிவிட்டார். அவ்வளவுதான், பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்தது போல் தரைவரை போயிற்று.

திங்கள் காலை அந்தக் காரில்தான் நர்ஸாக இருக்கும் அவர் மனைவி, இரண்டு பிள்ளைகளையும் பின்னால் உட்காரவைத்துச் சரிவுச் சாலையில் இறங்க வேண்டும். சரிவின் அடியில் பள்ளிக்கூட வாசல். பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளை மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவரோ வெளியூரில் இருந்தார். "காத்து புகுந்திருக்கும் சார். வெளியேத்தணும். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க, ஆபத்து."

போனை ஸ்பீக்கரில் போட்டதுதான் வினை. அடுப்படியில் இருந்த அவர் அம்மாவுக்குக் கேட்டது மூன்றே சொல்: காத்து, வெளியேத்தணும், ஆபத்து. "ஐயையோ, வண்டிக்குள்ள காத்து கருப்பு புகுந்துடுச்சாம்!" மகன் திருத்தினாரா? தன் திருகாணி மேல் வரவேண்டிய பழி பேய் மேல் போகிறதே என்று வாயை மூடிக்கொண்டார்.

அம்மா சொல்லி அனுப்ப, சித்தர் டிரைவர் ஓட்டிய தன் காரில் வந்து இறங்கினார். தரையைத் தொடும் கறுப்பு அங்கி, கழுத்தில் பழைய சாவிகளைக் கோத்த மாலை. பானெட்டை மோந்து பார்த்தார்.

"ரெண்டு காத்து. ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு."

"அடேயப்பா!" என்றது கூட்டம். கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் யாரும் கேட்கவில்லை.

டிரைவர் இருக்கையில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "போ! போ! போ!" என்று கத்தினார். ஒவ்வொரு 'போ'வுக்கும் அங்கிக்குள் கால் ஒருமுறை இறங்கி ஏறியது. நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது 'போ' முடிந்ததும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னார்.

"கல்லு மாதிரி நிக்குதே!"

தெருவே கைதட்டியது. அம்மா தன் மோதிரத்தைக் கழற்றிச் சித்தர் விரலிலேயே போட்டுவிட்டார். "பிள்ளைங்கள ஏத்துடா, ஒரு ரவுண்டு போயிட்டு வா!" பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள்.

அப்போதுதான் இரவு டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினார் மனைவி. விஷயத்தைக் கேட்டதும் கார்க் கதவைத் திறந்தார்.

"இறங்குங்க ரெண்டு பேரும்."

"சாமி சரி பண்ணிட்டாரும்மா."

"நல்லது அத்தை. அப்போ சாமியே இந்தச் சரிவுல ஒருதடவை ஓட்டிக் காட்டட்டும்."

சித்தர் கண்ணை மூடினார். "நான் ஸ்டியரிங்கைத் தொடுறதில்ல. விரதம்." இத்தனை நேரம் எதைப் பிடித்துக்கொண்டு கத்தினாரோ!

"சரி. பத்து நிமிஷம் பெடலை யாரும் தொடாதீங்க." நாடி பிடிப்பவர் போலக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் ஆனதும் கணவரிடம், "இப்ப மிதிங்க."

பெடல் தரைக்குப் போனது.

"சந்தேகப்பட்டா காத்து திரும்பி வரும்!" என்றார் சித்தர்.

"அது போனாத்தானே திரும்பி வர! கத்துற சாக்குல நீங்க விடாம மிதிச்சதுல காத்து அமுங்கி, பெடல் கொஞ்ச நேரம் நின்னுச்சு. வித்தை அவ்வளவுதான்." கணவர் பக்கம் திரும்பினார். "எந்தத் திருகாணியைக் கழட்டினீங்க?" மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி காட்டினார்.

நர்ஸ் தன் பையிலிருந்து, குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் டியூப் ஒன்றை எடுத்தார். "டியூப்ல குமிழி இருந்தா நாங்க மந்திரமா ஓதுறோம்? வெளியேத்திட்டுத்தான் ஊசியில மாட்டுவோம்." மெக்கானிக்கிடம் போனில் கேட்டுக் கேட்டு, டியூபின் ஒரு முனையைத் திருகாணியிலும் மறுமுனையை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலிலும் விட்டார். கணவர் மிதிக்க, இவர் திருகாணியைத் தளர்த்தி இறுக்கினார். பாட்டிலுக்குள் குபுகுபுவென்று குமிழிகள்!

"பாத்துக்கங்க அத்தை, காத்து. இதுல ஆண் எது, பொண்ணு எது?"

பானெட்டுக்குள் இருந்த பிரேக் ஆயில் டப்பாவில் ஆயிலை ஊற்றி ஊற்றி, குமிழி நிற்கும்வரை செய்தார். மறுபடி பத்து நிமிடம் விட்டு மிதிக்கச் சொன்னார். பெடல் அசையவில்லை.

"காத்து இருக்குன்னு நான்தானே சொன்னேன்!" என்றார் சித்தர். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நர்ஸ் அவரோடு பேசவே இல்லை. அவருடைய டிரைவரிடம் கேட்டார்: "அண்ணே, சாமி வண்டியில பிரேக் போனா எங்க காட்டுவீங்க?"

"ஒர்க்‌ஷாப்லதாங்க. சாமி பிரேக் விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு."

தெரு சிரித்த சிரிப்பில் சித்தர் தன் காரை நோக்கி நடந்தார். "மோதிரத்தக் கழட்டிட்டுப் போய்யா!" என்று பின்னாலேயே ஓடினார் அம்மா.

பிரேக்கில் புகுந்த காற்று ஒரு டியூபிலும் ஒரு பாட்டிலிலும் வெளியேறிவிட்டது. அங்கே தலையாட்டிய அந்த நாலைந்து பேர் மட்டும், மண்டையில் புகுந்த காற்றை வெளியேற்றத் திருகாணி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்.