இரண்டு நொடி இடைவெளி

துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, ஒரு வாரமாகச் சொன்னதையே மனைவி சொன்னாள். "உங்க அக்கா நாளைக்குப் பிள்ளை இருக்கிற ஊருக்கே குடிபோறாங்க. ஒரு நடை போய்ப் பாருங்களேன்."

"அவ வரட்டும்."

அவருக்குச் சாலை ஆராய்ச்சி ஆபீஸில் வேலை. முன்னே போகிற வண்டியைப் பின்னே வருகிறவர் எத்தனை அடி தள்ளி, எத்தனை நொடி கழித்துத் தொடர்கிறார் என்று கணக்குப் போடுவது. இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவின் கார் இவர் காரைப் பின்னாலிருந்து லேசாக முட்டிவிட்டது. வேறு தம்பியாயிருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பான். இவர் நடுரோட்டில், கூட்டம் கூடி நிற்க, அரை மணி நேரம் இடைவெளிப் பாடம் நடத்தினார். அக்கா தலைகுனிந்து போனவள்தான், அப்புறம் பேசவில்லை. ஊர் பார்க்க அப்படிப் பேசியது தன் தப்பு என்று அவருக்கு என்றோ தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

முன்னே போகிறவருக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து ஒரு கணக்கு எடுத்து வரும்படி ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். ஊரார் பின்னால் போனால் உதை விழும். பெண்டாட்டி வண்டிதான் பத்திரம். எங்கே போகிறாய், எப்போது போகிறாய் என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார். தையல்காரரிடம் என்று சொல்லி அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு சொந்தக் காரிலேயே பின்தொடர்ந்தார். கண் அவளுடைய பிரேக் விளக்கை விட்டு அகலவில்லை. அவள் வேகம் குறைத்தால் இவரும் குறைத்தார். பூங்காவை அவள் இரண்டு சுற்று சுற்றினாள். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறோமே என்று தோன்றவில்லை. நல்ல கணக்குக் கிடைக்கிறதே என்று பூரித்துப் போனார்.

அவள் நின்றாள். சரியாக இரண்டு நொடி கழித்து இவரும் நின்றார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

வாசலில் அக்கா பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இது எப்போது நரைத்தது?

தொப்பியைக் கழற்றினார். "தப்பு என்னுதுதான்க்கா."

"இதச் சொல்ல ரெண்டு வருஷமாடா? நாளைக்கு நான் இருக்கமாட்டேனே" என்று கயிற்றை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மனைவியிடம், எந்த இடத்தில் தன்னைக் கண்டுகொண்டாள் என்று மெல்லக் கேட்டார்.

"கிளம்பும்போதேதான். தையல்காரர் இருக்கிறது நம்ம எதிர்வீடுங்க. அதுக்கு எதுக்கு ஸ்கூட்டர்னுகூட நீங்க..."

உள்ளேயிருந்து அக்கா அவளைக் கூப்பிட்டாள்.