மூன்று மாடிக்கும் ஒரே ரப்பர் செடி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையை மணந்துகொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதுவது மரபு, எழுதிவிட்டேன். தங்கள் நலத்தை இதைப் படித்து முடித்த பிறகு தெரிவித்தால் போதும், அவசரமில்லை. இந்த உறைக்குள் முத்திரை குத்திய இன்னொரு தாளும் இருக்கிறது. எங்கள் கம்பெனியோடு நீங்கள் போட்டிருக்கும் செடி வாடகை ஒப்பந்தங்களை ரத்து செய்யும் நோட்டீஸ் அது. கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான். கோபப்படுவதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் கேளுங்கள் மச்சான்.

எங்கள் நாற்காலிக் கம்பெனியில் ஒவ்வொரு துறையும் தன் ஒப்பந்தங்களைத் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்துவந்தது. விற்பனைத் துறை என்ன வாக்குக் கொடுத்தது என்று உற்பத்தித் துறைக்குத் தெரியாது, தெரியாததால் சண்டையும் கிடையாது. இது யார் கண்ணை உறுத்தியதோ, முதலாளி காதில் ஓதிவிட்டார்கள். ஆலோசகர் அம்மா ஒருவர் வந்தார். எல்லா ஒப்பந்தங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, எது எப்போது முடிகிறது, எதற்கு யார் பொறுப்பு என்று எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் எல்லாத் துறைக்கும் நன்மை என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். இந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்ததும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் கீழே எதையோ தவறவிட்டது போலக் குனிந்துகொண்டார்கள். நான் அந்த நேரம் பார்த்தா நிமிர வேண்டும்? அன்று முதல் நான் ஒப்பந்த நிர்வாக மேலாளர். பதவி புதிது, சம்பளம் பழையது.

நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன் மச்சான், நன்மை தாங்க முடியவில்லை. நாங்கள் எப்போதோ காலி செய்துவிட்டு வந்த பழைய கட்டிடத்தின் லிஃப்டை இன்றுவரை எங்கள் செலவில்தான் துடைத்து எண்ணெய் போட்டு வருகிறார்கள் என்று கணக்குத் துறை தெரிந்துகொண்டது. எங்கள் லிஃப்ட் பாதி நாள் ஓடாது, அதற்கு ஒப்பந்தமே இல்லை. கொள்முதல் துறைக்குக் கிடைத்த நன்மை இன்னும் பெரிது. நாங்கள் ஒரு மொத்த வியாபாரிக்கு விற்கிற நாற்காலியை அவரிடமிருந்தே அதிக விலைக்கு வாங்கித்தான் நாங்களே உட்கார்ந்திருக்கிறோம். நாற்காலி ஆடுகிறது என்று கொள்முதல் துறை எழுதிய புகார் ஊரைச் சுற்றிவந்து எங்கள் விற்பனைத் துறையிலேயே விழுந்து, "உட்காரத் தெரியாத வாடிக்கையாளர்" என்ற குறிப்போடு மூடப்பட்டிருக்கிறது. சட்டத் துறை வக்கீலுக்கு என்ன நன்மை என்றால், இத்தனை வருடம் தான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களை முதன்முறையாகப் படித்தார். மறுநாள் தலைவலி என்று லீவு போட்டவர் இன்னும் வரவில்லை.

இப்படி எல்லோருடைய வண்டவாளத்தையும் தண்டவாளத்தில் ஏற்றிக்கொண்டு நான் உல்லாசமாக இருந்தபோதுதான் உங்கள் ரப்பர் செடி வந்தது. பட்டியலில் மூன்று இடத்தில் வந்தது. முதல் மாடி அழகுக்காக நிர்வாகத் துறை ஒன்று, இரண்டாம் மாடி ஊழியர்களின் மனமகிழ்ச்சிக்காக மனிதவளத் துறை ஒன்று, மூன்றாம் மாடிக்கு வரும் வாடிக்கையாளர்களை வரவேற்க விற்பனைத் துறை ஒன்று. முதலாவதுக்கு நான் லேசாகச் சிபாரிசு செய்தது உண்டு. மற்ற இரண்டும் நீங்களாகப் பிடித்தவை. மச்சானுக்குத் தொழில் நன்றாக நடக்கிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன், வாயைக் கொடுப்பானேன் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். முதலாளி விடவில்லை. "மூணு செடியையும் இங்க கொண்டுவாங்க, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்போம்" என்றார்.

உங்கள் தண்ணீர் ஊற்றுகிறவர் அன்று வந்திருந்தார். ஒரு செடியைத் தூக்கிவந்து வைத்தார். "அடுத்தது?" என்றார் முதலாளி. அவர் அதே செடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், வராந்தாவை ஒரு சுற்றுச் சுற்றி, அதையே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "என்னய்யா இது?" என்று முதலாளி கேட்க, அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இருக்கிறது இது ஒண்ணுதாங்க. எந்த மாடிச் செடியப் பாக்க ஆள் வர்றாங்கன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க, அங்க வெச்சிடுவேன். தண்ணி மட்டும் நேர்மையா மூணு தடவை ஊத்திடுறேங்க, மூணு ஒப்பந்தம் இருக்குல்ல" என்றார். அதனால்தான் இலையெல்லாம் மஞ்சளாகி வேர் அழுகிப்போயிருக்கிறது. ஊழியர்களின் மனமகிழ்ச்சி ஏன் குறைந்துகொண்டே வந்தது என்று மனிதவளத் துறைக்கும் அன்றுதான் புரிந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "யாரு இந்த ஆளு? எங்க இருக்கான்?" என்று முதலாளி ஒப்பந்தத்தை வாங்கி விலாசத்தைப் படித்தார். அது என் வீட்டு விலாசம். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து ஒரு வருடம் எங்களோடு தங்கியிருந்தீர்களே, அப்போது போட்ட ஒப்பந்தம். நீங்கள் என் மைத்துனர் என்பது தெரிந்தால் அந்தச் செடிக்கு முன்னால் நான் வெளியே போய்விடுவேன். இந்த வயதில் எனக்கு வேறு யார் நாற்காலி கொடுப்பார்கள்? நான் குனிந்து உங்கள் செடியின் மஞ்சள் இலைகளை எண்ணத் தொடங்கினேன். முதலாளி என்னைப் பார்த்து, "நம்பிக்கையான ஆளு நீதான். நேர்ல போய் விசாரிச்சுட்டு வா" என்று கம்பெனி வண்டியைக் கொடுத்து அனுப்பினார்.

ஓட்டுநர் வாசலில் நிறுத்திவிட்டு, "சார், இது உங்க வீடாச்சே!" என்றார். "எனக்கும் தெரியும்பா. உனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, என்னை நானே விசாரித்துக்கொண்டு திரும்பினேன். "விலாசம் உண்மையானது. அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பொய் கிடையாது.

ஒப்பந்தப்படி ரத்து நோட்டீஸ் மாதக் கடைசிக்குள் அந்த விலாசத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கப்பட வேண்டுமாம், தவறினால் மூன்று ஒப்பந்தமும் தானாகவே இன்னும் மூன்று வருடம் நீளுமாம். இந்த விதியை எழுதிச் சேர்த்த புண்ணியவான் நீங்கள்தான், படிக்காமல் ஒத்துக்கொண்டவர் எங்கள் வக்கீல். ஆகவே இதை என் வீட்டுக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் தங்கை கையெழுத்துப் போட்டு வாங்கி உங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். சாப்பிடும்போது இதை அவளிடம் சொன்னேன், அது என் தப்பு. "எங்கண்ணன் வயித்துல அடிக்க என் கையெழுத்து கேக்குதா?" என்றாள். "ஒரே செடிய மூணு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்காருடி உங்கண்ணன்" என்றேன். "அதுக்குப் பேரு சாமர்த்தியம். நீங்க ஒரு செடிய ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டுக் காட்டுங்க பாப்போம்" என்றாள். அன்றிலிருந்து சாப்பாடு தட்டில் விழும் சத்தம் மட்டும்தான், பேச்சு எல்லாம் சுவரோடு.

நோட்டீஸ் போகவில்லையென்றால் ஆபீஸில் வேலை போகும், நோட்டீஸ் போனால் வீடு போகும். எனவே தாங்கள் பெரிய மனது பண்ணி இதை ஏற்றுக்கொண்டு, தங்கைக்கும் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். தங்கள் பூந்தொட்டிகள் எல்லாம் தழைக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை
(ஒப்பந்த நிர்வாக மேலாளர்)

பின்குறிப்பு: மேற்படி உறை திரும்பி வந்துவிட்டது. தபால்காரரிடம் உங்கள் தங்கை, "எங்கண்ணன் இங்க இல்ல, அவருக்கு வந்தத நான் வாங்க மாட்டேன்" என்று கதவைச் சாத்திவிட்டாளாம். அது ஆபீஸுக்கு வந்து, ஒப்பந்தம் சம்பந்தப்பட்டது என்பதால் என் மேசைக்கே வந்து சேர்ந்தபோது மாதம் முடிந்துவிட்டது. மூன்று ஒப்பந்தங்களும் தானாகவே நீண்டுவிட்டன. ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்கவில்லை. தயவுசெய்து இன்னும் இரண்டு செடி அனுப்பிவையுங்கள், இந்த முறை நிஜமாகவே இரண்டு. வீட்டில் இன்று காலை என்னிடம் பேசினாள், சுவரிடம் அல்ல. பிறகு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "நோட்டீஸ் அனுப்பினோம் சார், அந்த வீட்டம்மா வாங்க மாட்டேன்னுட்டாங்க." அவர், "இந்த ஒப்பந்தத்த முழுசாப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளு அந்தம்மாதான்யா. அந்த வீட்டுக்காரன் பாடுதான் பாவம்" என்றார்.

"ரொம்ப நல்லவர் சார்" என்றேன்.